அடை வைப்பதும் அடைத்து வைப்பதும்: கின்னிக்கோழிக்கு எது தோது?

பொழுது சாயும்போது நாட்டுக்கோழி தானாகவே பஞ்சாரத்துப் பக்கம் வந்து நிற்கும். கின்னிக்கோழி வராது. வேப்பமரத்து உச்சிக்கோ மாட்டுக்கொட்டகை முகட்டுக்கோ ஏறி உட்கார்ந்துகொண்டு, கீழே நின்று தீவனச் சட்டியைத் தட்டுகிற ஆளைப் பார்த்துக் கத்தும். மறுநாள் காலையில் எண்ணினால் ஒன்று குறையும். அடுத்த வாரம் இன்னொன்று. பத்து வாங்கி விட்டவர் வீட்டில் கடைசியில் இரண்டு மூன்று மிஞ்சுவது இப்படித்தான்.

பறவையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து வந்தது; வீட்டுக்கோழி அளவுக்கு மனிதரோடு இன்னும் இழையவில்லை. அதற்குத் தெரிந்த பாதுகாப்பு உயரம் ஒன்றுதான். இரவில் எங்கே அடைவது என்பதைக் குஞ்சிலேயே பழகிக்கொள்ளும்; பழகியதை லேசில் விடாது. ஆகவே குஞ்சை எப்படிப் பொரிக்க வைப்பது, கொட்டகையை எப்படிப் போடுவது என்று ஆட்கள் தனித்தனியாகக் கேட்கிற இரண்டு கேள்வியும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டவை. எந்த இடத்தில் குஞ்சு கண் திறந்து முதல் 40 நாளைக் கழிக்கிறதோ, அந்த இடத்துக்குத்தான் பெரிதான பிறகும் சாயங்காலம் திரும்பும். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த ஒரு கண்ணோடு பாருங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். சுவரோடு சுவர் ஒட்டிய தெரு வீட்டில் இந்தப் பறவை வேண்டாம். நாய் வந்தாலும் கத்தும், புது ஆள் வந்தாலும் கத்தும், காற்றில் பாலித்தீன் பை பறந்தாலும் கத்தும். பெட்டை இரண்டு அசையாகக் கூப்பிடும், சேவல் ஒற்றை அசையில் அடித்துக்கொண்டே இருக்கும். எந்தக் கொட்டகையும் இந்தச் சத்தத்தை அடக்காது. தோட்டத்து வீடு, தோப்பு, பக்கத்து வீடு கொஞ்சம் தள்ளியிருக்கிற மனை என்றால் மேலே படிக்கலாம்.

குஞ்சு எடுக்க மூன்று வழி

கின்னி முட்டை பொரிய 26 முதல் 28 நாள் ஆகும். நாட்டுக்கோழி முட்டைக்கு 21. இந்த ஒரு வார வித்தியாசத்தில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

முதல் வழி, கின்னிப் பெட்டையையே அடைகாக்க விடுவது. செலவில்லாத வழி, நட்டமும் இதில்தான் அதிகம். பெட்டை கொட்டகையில் முட்டையிடாது. வேலியோரம், கரும்புச் சோகைக்குள், கோரைப்புல் அடர்ந்த வரப்பில் ஒளித்து இடும். இரண்டு மூன்று பெட்டைகள் ஒரே குழியில் இட்டு இருபது, முப்பது முட்டை சேர்ந்த பிறகே ஒன்று உட்காரும். உட்கார்ந்தால் ராத்திரியும் அங்கேதான். கீரிக்கும் நரிக்கும் தெருநாய்க்கும் முட்டையோடு தாயும் கிடைக்கும்.

அதையும் தாண்டிப் பொரித்துவிட்டது என்றே வையுங்கள். விடிந்ததும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு பனி ஈரம் காயாத புல்லுக்குள் நடக்கத் தொடங்கிவிடும். தாய் நின்று சூடு கொடுக்காது, போய்க்கொண்டே இருக்கும். கட்டைவிரல் அளவுக் குஞ்சு வயிறு வரை நனைந்தால் அரை மணியில் விறைத்துவிடும். காலையில் பதினெட்டு குஞ்சோடு வேலியைத் தாண்டிய பெட்டை சாயங்காலம் ஐந்தோடு திரும்புவது அதிசயமில்லை. குஞ்சுகள் நன்றாக நனையாத வரைக்கும்தான் கின்னிக்கோழி நல்ல தாய்.

பெட்டை ஏற்கெனவே எங்கோ அடை கிடக்கிறது என்று தெரிந்தால் எழுப்ப வேண்டாம். காலையில் சேவல் தனியாக ஓரிடத்தில் காவல் நிற்பதைக் கவனித்தால் குழி கிடைத்துவிடும். பொரிக்கிற நாளைக் கணக்குப் பண்ணி, குஞ்சு காய்ந்ததும் அள்ளிக்கொண்டு வந்து பல்புக்குக் கீழே விட்டுவிடுங்கள். இந்த வழியில் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

இரண்டாவது வழி, நாட்டுக்கோழியில் அடை வைப்பது. 15 முட்டைக்குள் என்றால் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. கரண்ட் வேண்டாம், ஈரப்பதம் பார்க்க வேண்டாம், முட்டையைத் திருப்ப வேண்டாம். ஆனால் கோழியைத் தேர்ந்தெடுப்பதில் கணக்கு இருக்கிறது. வெறும் கூடையில் ஏற்கெனவே பத்து நாள் அடை கிடந்த கோழியை வைத்தால், கின்னிக்கு வேண்டிய 28 நாளையும் சேர்த்து 38 நாள் ஆகிவிடும். உடம்பு இற்று, கடைசி வாரத்தில் எழுந்து போய்விடும். அடை படுத்து இரண்டு மூன்று நாளான கோழியாகப் பாருங்கள். இரண்டு நாள் கூமுட்டையை வைத்துச் சோதித்துவிட்டு, மூன்றாம் நாள் ராத்திரி நல்ல முட்டையை மாற்றுங்கள். பகலில் மாற்றினால் சில கோழிகள் சந்தேகப்பட்டு எழுந்துவிடும். அடைக்காலம் முழுக்கத் தினம் ஒரு தடவை இறக்கிவிட்டுக் கம்பு, சோளம் மாதிரி முழுத் தானியமும் தண்ணீரும் கொடுத்து, கால் மணி நேரத்தில் திரும்ப உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும்.

கோழி முட்டையையும் கின்னி முட்டையையும் ஒரே நாளில் சேர்த்து வைக்கக் கூடாது. 21ஆம் நாள் கோழிக்குஞ்சு கீச்சென்றதும் தாய் அதைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடும். கின்னி முட்டைக்குள் குஞ்சு உயிரோடு இருக்கும்போதே ஆறிப்போகும். இரண்டும் வேண்டுமென்றால் கின்னி முட்டையை முதலில் வைத்து, ஒரு வாரம் கழித்துக் கோழி முட்டையைச் சேர்க்கலாம்.

பேன் இன்னொரு தொல்லை. அடைக்கோழியின் பேன் ஈரம் காயாத குஞ்சின் தலையில் ஏறினால் இரண்டு நாளில் சோர்ந்துவிடும். அடை வைக்கும் முன்பு கோழியின் இறக்கைக்கு அடியிலும் குதப் பக்கமும் பேன் இருக்கிறதா என்று விரித்துப் பார்த்து, இருந்தால் கால்நடை மருந்தகத்தில் கேட்டு மருந்து தூவிவிடுங்கள். கூடைக்குள் மணல் பரப்பி, மேலே வைக்கோலும் கொஞ்சம் நொச்சி இலையும் போடுவது வழக்கம். இடி இடித்தால் முட்டை கெடும் என்று இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் சேர்த்து வைப்பார்கள். இரும்பு இடியைத் தடுக்கிறதோ இல்லையோ, முட்டைக்கு அதனால் கெடுதல் இல்லை. பாட்டி சொன்னால் வைத்துவிட்டுப் போகலாம்.

மூன்றாவது வழி இன்குபேட்டர். 15 முட்டைக்கு மேல் என்றாலோ, அடைக்கோழி கிடைக்காத வீடு என்றாலோ இதுதான். விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ். விசிறி இல்லாத தெர்மாகோல் பெட்டி என்றால் முட்டையின் மேல்முனை உயரத்தில் அளந்து 38.5 அளவில் இருக்க வேண்டும். தெர்மாமீட்டரைத் தரையில் போட்டு அளந்தால் கணக்கு தவறும். ஈரப்பதம் முதல் 25 நாள் 55 முதல் 60 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70. முட்டையைத் தினம் மூன்று தடவையாவது திருப்பி, 25ஆம் நாளோடு நிறுத்துங்கள்.

அடைக்கு எடுக்கிற முட்டை ஏழு நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. கூர்முனை கீழே இருக்கும்படி, வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வைக்கலாம். கோடையில் சமையலறைக் கூடையில் ஒரு வாரம் கிடந்த முட்டை பொரிக்கும் என்று நம்ப வேண்டாம். நான்கு ஐந்து பெட்டைக்கு ஒரு சேவலாவது மந்தையில் இருந்தால்தான் கரு கூடும். கின்னி முட்டை ஓடு தடித்தது, பழுப்புப் புள்ளி விழுந்தது. நாட்டுக்கோழி முட்டையில் ஐந்தாம் நாளே தெரிகிற நரம்பு இதில் தெரியாது. 10ஆம் நாள் இருட்டறையில் செல்போன் டார்ச்சை அகன்ற முனையில் ஒட்டி வைத்துப் பார்த்தால் பிடிபடும்.

இன்குபேட்டரில் சாகும் குஞ்சுகளில் பல கடைசி நாளில் ஆவலால் சாகின்றன. ஓட்டில் கீறல் விழுந்ததும் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கிற ஈரக்காற்று வெளியேறி, ஓட்டுக்குள் இருக்கும் சவ்வு காகிதம் மாதிரி காய்ந்து குஞ்சின் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கீறல் விழுந்ததிலிருந்து பொரித்த குஞ்சு பஞ்சாகக் காயும் வரை கைவைக்காமல் இருங்கள். வயிற்றில் இருக்கிற மஞ்சள் கரு ஒரு நாள் முழுக்கப் பசி தாங்கும்.

கரண்ட் போனால்? ஒரு மணி நேரம் என்றால் மூடியைத் திறக்காமல், மேலே போர்வையைப் போர்த்திவிட்டால் போதும். அடிக்கடி மணிக்கணக்கில் போகிற ஊர் என்றால் இன்வெர்ட்டர் இல்லாமல் இன்குபேட்டர் வாங்குவது வீண்செலவு. இரண்டாம் வழிக்கே திரும்புங்கள்.

முதல் 40 நாள்: தாய்க்கோழியா, பல்பா?

நாட்டுக்கோழி பொரித்த குஞ்சுக்குத் தாயே சூடு. ஆனால் தாயின் மொழி கின்னிக் குஞ்சுக்கு உடனே புரியாது. கோழிக்குஞ்சு 'கொக் கொக்' சத்தம் கேட்டு ஓடிவரும். கின்னிக் குஞ்சு எதிர்த்திசையில் போய்ப் புல்லுக்குள் நிற்கும். அதனால் முதல் பத்து நாளாவது தாயையும் குஞ்சையும் திறந்துவிடாமல் அடைப்புக்குள்ளேயே வையுங்கள். சத்தம் பழகிவிட்டால் பிறகு பிரியாது.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். தாயையும் குஞ்சையும் வாசல் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பார்கள். இரண்டு மாதம் கழித்துத் தாய் விலகும்போது குஞ்சுகளுக்கு இறக்கை வந்துவிட்டிருக்கும். பஞ்சாரத்துக்கு நேர் மேலே என்ன மரம் இருக்கிறதோ அதில் ஏறிவிடும். பஞ்சாரத்தை வாசலில் வைக்காமல், நிரந்தர இரவுக் கொட்டகைக்குள் ஒரு மூலையில் வைத்தால் இந்தத் தொல்லை பாதி தீர்ந்தது.

பல்பு வைத்து வளர்ப்பவர்களுக்கும் அதே விதி. புரூடரை, அதாவது பல்புச் சூட்டில் குஞ்சு வளர்க்கிற அடைப்பை, சமையலறைத் திண்ணையிலோ மாடிப்படிக்கு அடியிலோ வைக்காமல் கொட்டகைக்குள் வையுங்கள். முதல் வாரம் வீட்டுக்குள் வைத்தே தீர வேண்டும் என்றால் வைக்கலாம், இரண்டாம் வாரத்தில் மாற்றிவிட வேண்டும்.

25 குஞ்சுக்கு 4 அடிக்கு 3 அடி இடம் முதல் இரண்டு வாரத்துக்குப் போதும், பிறகு இரட்டிப்பாக்க வேண்டும். அட்டையை வளைத்து மூலை இல்லாத வட்டமாகக் கட்டுங்கள். கின்னிக் குஞ்சு பயந்தால் ஓடிப்போய் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். பூனை நிழல் ஒன்று சுவரில் ஓடினால் போதும், அடியில் மாட்டிய நான்கைந்து மூச்சு முட்டிப் போய்விடும். வட்டத்தில் ஓடினால் சுற்றிக்கொண்டே வரும், குவியாது. மேலே வலை கட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம். பத்துப் பன்னிரண்டு நாளில் 2 அடி தாவும்.

சூடு முதல் வாரம் 35 டிகிரி. பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்து, நான்காம் வாரக் கடைசியில் வெளிச் சூட்டுக்கு வந்துவிடலாம். குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்கு வைத்தால் 25 குஞ்சுக்கு 50 வாட். 60 வாட் பல்பு ஒன்றுக்குப் பதில் 40 வாட் பல்பு இரண்டாகப் போடுங்கள், ராத்திரியில் ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது காப்பாற்றும். பழைய குண்டு பல்பாக இருக்க வேண்டும். எல்.இ.டி. பல்பு மாட்டிவிட்டு, வெளிச்சம் நன்றாகத்தானே இருக்கிறது, குஞ்சு ஏன் சாகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அதில் வெளிச்சம்தான், சூடு இல்லை. பல்பைத் தரையிலிருந்து ஒன்றரை அடியில் இரும்புச் சங்கிலியில் தொங்கவிடுங்கள். சணல் கயிறு எரிந்து உமியில் விழுந்தால் கொட்டகையே போய்விடும்.

இவ்வளவு சொன்னாலும் டிகிரியை நம்பி உட்கார வேண்டாம். ராத்திரி பத்து மணிக்குச் சத்தம் போடாமல் போய் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். பல்புக்கு நேர் கீழே எல்லாம் ஒட்டிக்கொண்டு கூர்மையாகக் கத்தினால் குளிர். அட்டை ஓரத்தில் ஒதுங்கி, இறக்கையை விரித்து வாயைத் திறந்திருந்தால் சூடு அதிகம். ஒரு பக்கமாக மட்டும் ஒதுங்கியிருந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. அங்கங்கே காலை நீட்டிப் படுத்துக் கிடந்தால் சரி. கோடையில் பகலில் பல்பே வேண்டியிருக்காது, ராத்திரி மட்டும் போட்டால் போதும். கார்த்திகை, மார்கழிக் குளிரில் மேலே சாக்குப் போர்த்தி, காற்றோட்டத்துக்கு ஒரு பக்கம் திறந்துவிடுங்கள். கரண்ட் போன ராத்திரிக்கு வெந்நீர் ஊற்றிய பாட்டிலைச் சாக்கில் சுற்றி நடுவில் வைக்கலாம். கரி அடுப்பு வைப்பதை விட்டுவிடுங்கள். மூடிய கொட்டகையில் கரிப்புகை குஞ்சை ஓசைப்படாமல் கொன்றுவிடும்.

தரையில் 2 அங்குலம் உமி, அதன்மேல் முதல் நான்கு நாள் சாக்கு. வெறும் உமி என்றால் தீவனம் என்று நினைத்துத் தின்னும். செய்தித்தாள் விரிப்பது பெரிய தவறு. வழுக்கி வழுக்கி, கால் இரண்டு பக்கமும் விரிந்து, நிற்க முடியாமல் போய்விடும். அப்படிப் போன குஞ்சை முதல் இரண்டு நாளுக்குள் கண்டுபிடித்தால், இரண்டு காலையும் சேர்த்து, விரலகல இடைவெளி விட்டு மென்மையான பேண்டேஜ் துணியால் தளர்வாகக் கட்டி மூன்று நாள் விட்டால் நிமிரும். ஒரு வாரம் ஆனதென்றால் நிமிராது.

தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு, கல்லுக்கு நடுவில் அலகு மட்டும் போகும்படி வையுங்கள். கின்னிக் குஞ்சு ஒரு அங்குலத் தண்ணீரில் முங்கிச் சாகும். முங்காமல் நனைந்தாலும் குளிர் கொன்றுவிடும்.

தீவனத்தில் புரதம் முதல் நான்கு வாரம் 24 முதல் 26 சதவீதம் வேண்டும். வான்கோழிக் குஞ்சுத் தீவனம் கிடைத்தால் அதுவே சரி. கிடைக்காத ஊரில் பிராய்லர் முதல்நிலைத் தீவனத்தோடு, பத்துக் குஞ்சுக்கு ஒரு அவித்த முட்டையைப் பொடியாக நறுக்கித் தினம் சேர்க்கலாம், கறையான் கிடைத்தால் அதையும் போடலாம். வெறும் நொய்யும் கம்பு மாவும் போட்டால் இரண்டாம் வாரத்தில் இறக்கை தொங்கி நிற்கும். ஆனால் பிராய்லர் தீவனம் வாங்கும்போது மூட்டையில் தைத்திருக்கிற சீட்டைப் படியுங்கள். ரத்தக்கழிச்சலைத் தடுக்கக் கலக்கிற மருந்தின் பெயர் மொனென்சின் என்றிருந்தால் வேண்டாம், கோழிக்கு நல்லதான அந்த மருந்து கின்னிக்கோழியைக் கொல்லும். சாலினோமைசின் போன்ற அதே வகை மருந்துகளையும் தவிர்ப்பதே நல்லது. வான்கோழிக்கு அதில் சாவு உண்டு. குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல் வந்தால் கால்நடை மருத்துவரிடம் ஆம்புரோலியம் கேளுங்கள். நாட்டுக்கோழியும் சேர்ந்து இருக்கிற மனை என்றால் வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பூசியையும் அவரிடமே கேட்டுப் போட்டுவிடுங்கள்.

பிடிக்கும்போது காலைப் பிடிக்க வேண்டாம். நாட்டுக்கோழியைத் தலைகீழாகத் தூக்கும் பழக்கம் கின்னிக்கு ஆகாது, கால் மூட்டு விலகிவிடும். இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து உடம்பை அணைத்துப் பிடியுங்கள்.

இரவுக்கு எங்கே?

மரத்தில் விடுவது ஒரு வழி. செலவில்லை, வேலையில்லை. முழு வளர்ச்சி அடைந்த பறவை மழையையும் ஓரளவு தாங்கும். ஆனால் இருட்டில் கின்னிக்குக் கண் சரியாகத் தெரியாது, கிளையில் கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். மரநாய் கிளை வழியாகவே வரும். கொம்பன் ஆந்தை ஒன்று தோப்பில் பழகிவிட்டால் இரவுக்கு ஒன்றாக எடுத்துப் போகும். நாய்க்குப் பயந்து உயரம் போன பறவை, மரம் ஏறுகிற எதிரிகளிடம் மாட்டிக்கொள்கிறது. முட்டையும் கிடைக்காது. இதைக் கின்னி வளர்ப்பு என்று சொல்ல முடியாது, விட்டு வைத்திருப்பது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

முழுக்க வலைக்குள் வளர்ப்பது இன்னொரு கோடி. பத்துப் பன்னிரண்டு பறவைக்கு 20 அடிக்கு 15 அடி அடைப்பு வேண்டும், மேலே முழுக்க வலை. மேல்வலை மென்மையான நைலானாக இருக்கட்டும். கின்னி பயந்தால் நேர் மேலே எகிறும். கம்பி வலையில் தலை மோதினால் கொண்டையெலும்பு உடைந்து மண்டைத் தோல் கிழியும். இந்த முறையில் முட்டை எல்லாம் கைக்கு வரும், பக்கத்துக் காட்டு நிலக்கடலையைக் கிளறியது யார் என்ற பஞ்சாயத்து வராது. ஆனால் பறவைக்குத் தினம் சுமார் 100 கிராம் தீவனம் முழுக்க நாம்தான் போட வேண்டும். உண்ணி, வெட்டுக்கிளி, கறையான் பொறுக்குகிறது என்று கேள்விப்பட்டு வாங்கியவர்களுக்கு அந்தப் பலன் துளியும் கிடைக்காது. இடம் குறைந்தால் ஒன்றின் முதுகு இறகை இன்னொன்று பிடுங்கும். கீரைக்கட்டை உயரத்தில் தொங்கவிட்டால் கவனம் அதில் போகும். சேவல் எண்ணிக்கையைக் குறைப்பது அதைவிடப் பலன் தரும். நாட்டுச்சேவலை அதே அடைப்பில் வைத்தால் கின்னி அதைத் துரத்தித் துரத்தியே கொன்றுவிடும்.

நடுவழி, பகலில் மேயவிட்டு இரவில் அடைப்பது. தோட்டம் உள்ளவர்களுக்கு இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். கொட்டகையைச் சரியாகப் போட்டு, பழக்கத்தையும் பொறுமையாக ஏற்படுத்தினால்.

12 பறவைக்கு 8 அடிக்கு 6 அடி தரை, 7 அடி உயரம். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே இறங்காது. கீழே 2 அடி செங்கல் சுவர், மேலே அரை அங்குலக் கண் வைத்த வெல்டு மெஷ். கடையில் மலிவாகக் கிடைக்கிற அறுகோணக் கண் கோழிவலை கோழியை உள்ளே வைக்க உதவும், நாயை வெளியே வைக்க உதவாது. பல்லால் இழுத்தே பிரித்துவிடும். கீரிக்கு 2 அங்குல இடைவெளி தாராளம், எலி அதில் பாதிக்குள் நுழைந்து குஞ்சைக் கடிக்கும். ஆகவே கதவுக்கு அடியில் அரை அங்குலத்துக்கு மேல் சந்து விடாதீர்கள். அஸ்திவாரம் ஆழமில்லை என்றால் சுவரோரம் வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்கு மெஷ்ஷைப் படுக்கையாகப் போட்டு மண் மூடுங்கள். தோண்டுகிற மிருகம் சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும், கம்பி காலில் பட்டதும் விட்டுவிடும். தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று போடாமல் கோடையைத் தாண்ட முடியாது. மழைச்சாரல் பக்கம் சுருட்டி இறக்குகிற தார்ப்பாய் ஒன்று போதும்.

உட்காரும் கம்புதான் கொட்டகையின் உயிர். 2 அங்குலத் தடிமனில் சவுக்குக் கம்பு, தரையிலிருந்து 4 அடி உயரத்தில், பறவைக்கு 1 அடி வீதம். எல்லாக் கம்பும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். ஒன்றை உயர்த்தினால் எல்லாம் அதற்கே அடித்துக்கொள்ளும். கம்பு தாழ்வாக இருந்தால் வெளியே மரமே மேல் என்று பறவை முடிவு பண்ணிவிடும்.

கதவு அகலமாக, 2.5 அடிக்குக் குறையாமல், ஆள் உயரத்துக்கு வேண்டும். நாட்டுக்கோழி நுழைகிற முழங்கால் உயரப் பொந்துக்குள் கின்னி குனிந்து போகாது. உள்ளே இருட்டாக இருந்தாலும் போகாது. வாசல் வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, மொத்தமாகத் திரும்பிவிடும். சாயங்காலம் ஐந்தரை மணிக்கே உள்ளே ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கைப் போட்டுவிட்டு, எல்லாம் கம்பில் ஏறியதும் அணைத்துவிடலாம். குஞ்சுக்கு ஆகாத அந்த பல்பு இங்கே சரியான ஆள்.

யாருக்கு எந்தச் சேர்க்கை

முதல் தடவை வளர்ப்பவர், வீட்டில் நாட்டுக்கோழி இருக்கிறது, பத்துப் பன்னிரண்டு பறவை போதும் என்றால்: அடைக்கோழியில் வைத்து, தாயும் குஞ்சும் இரவுக் கொட்டகைக்குள்ளேயே இருக்கட்டும். வாங்குகிற முட்டையை இட்ட பறவையின் இறகு முத்துப்புள்ளி நிறமா, சாம்பல் நீலமா, வெள்ளையா என்பது வளர்ப்பில் எதையும் மாற்றாது. இசத்நகர் மத்திய பறவை ஆராய்ச்சி நிறுவனம் இந்த மூன்றுக்கும் காதம்பரி, சிதம்பரி, ஸ்வேதாம்பரி என்று அழகான பெயர் வைத்திருக்கிறது, பராமரிப்பு மூன்றுக்கும் ஒன்றுதான். கண்ணுக்குப் பிடித்ததை எடுங்கள். ஒன்று மட்டும்: வெள்ளை ராத்திரியில் தூரத்துக்குத் தெரியும், மரத்தில் அடைகிற பழக்கம் உள்ள மந்தைக்கு அது நல்லதில்லை.

முப்பது, ஐம்பது என்று போகிறவர் இன்குபேட்டரும், கொட்டகைக்குள் புரூடரும் வைக்க வேண்டும். பக்கத்தில் பிறர் வெள்ளாமை இருந்தாலோ தெருநாய் கூட்டமாகத் திரிந்தாலோ செலவைப் பார்க்காமல் முழு வலை. வலை போட முடியாது, இறக்கையை வெட்டிவிட்டு மேயவிடலாமா என்றால் வேண்டாம். ஒரு பக்க இறக்கையில் நீள இறகை வெட்டினால் வேலி தாண்டாது என்பது சரிதான். நாய் துரத்தினால் ஏறித் தப்பவும் முடியாது. வெட்டுவது வலைக்குள் இருக்கிற பறவைக்கு மட்டும்.

வளர்ந்த பறவையாக வாங்கி வந்தவர்களுக்கு நிலைமை கொஞ்சம் கஷ்டம். அது வேறொரு வீட்டு மரத்தைப் பழகி வந்தது. 6 வாரமாவது கொட்டகையை விட்டு வெளியே விடாமல் அடைத்து வைத்துத்தான் திறக்க வேண்டும். பத்தே நாளில் மனசு இளகித் திறந்தால் மந்தையாக நடந்து போய்க்கொண்டே இருக்கும்.

திறந்துவிடுகிற முறை எல்லாருக்கும் ஒன்றுதான். கொட்டகையிலேயே வளர்ந்தவை மூன்று மாதம் ஆகட்டும். முதல் நாள் தீவனத்தைக் காலையிலிருந்து பாதியாகக் குறைத்து, பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது இரண்டை மட்டும் வெளியே விடுங்கள். உள்ளே இருப்பவை கத்தும், வெளியே போனவை அந்தச் சத்தத்தை விட்டு 20 அடி தள்ளிப் போகாது. டப்பாவில் கம்புத் தானியத்தைப் போட்டுக் குலுக்கி, கொட்டகைக்குள் இறைத்து, உள்ளே வந்ததும் சாத்துங்கள். டப்பா தினமும் அதே டப்பாவாக இருக்கட்டும். மறுநாள் வேறு இரண்டு, அதற்கடுத்த நாள் நான்கு. இரண்டு வாரத்தில் மொத்தமும் வெளியே போய்த் திரும்பும். நடுவில் ஒன்று மரத்தில் ஏறிவிட்டால், விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இருட்டுவதற்குள் நீளக் கழியால் தட்டி இறக்கி உள்ளே ஓட்டிவிடுங்கள். இன்று ஒன்று மேலே தூங்கினால், நாளைக்கு மூன்று அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

முட்டைக்காலம் தொடங்கியதும், பெரும்பாலும் மார்ச் முதல் செப்டம்பர் வரை, காலையில் சீக்கிரம் திறப்பதை நிறுத்திவிட்டுப் பத்து, பதினோரு மணிக்குத் திறந்து பாருங்கள். உள்ளே இருட்டான மூலையில் வைக்கோல் போட்டு இரண்டு முட்டையை அடையாளத்துக்கு விட்டுவைத்தால், பாதிப் பெட்டைகளாவது அங்கேயே இடும். வெளியே குழி கண்டுபிடித்தால் எல்லா முட்டையையும் வாரிக்கொண்டு வர வேண்டாம். ஐந்தாறு விட்டுவிட்டு மிச்சத்தை நீளக் கரண்டியால் எடுங்கள், பெட்டை அதே குழிக்குத் திரும்பி வரும். முழுக்க எடுத்தால் மறுநாளிலிருந்து வேறு வேலியைத் தேட வேண்டியதுதான்.